புதுப்பிப்பு: அப்பாவின் சிறுநீரகக் கட்டி, றோபோ சத்திரசிகிச்சை முடிந்தது

வலது சிறுநீரகத்தில் 3.4 சென்ரிமீற்றர் கட்டி, முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டும் என்கிறார்கள், என்ன செய்வது என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

உதவியது, "அறிக்கையை மட்டும் அனுப்பாதீர்கள், சீரி ஸ்கான் படங்கள் முழுவதையும் சீடியில் அனுப்பி இரண்டாவது கருத்துக் கேளுங்கள்" என்று இங்கே எழுதிய ஓர் அக்காவின் யோசனைதான். படங்களைப் பார்த்த சென்னை வைத்தியர், 4 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட கட்டி, வெளிப்பக்கமாக இருக்கிறது, கட்டியை மட்டும் வெட்டலாம் என்றார். அப்பாவுக்கு நீரிழிவும் இருப்பதால் அந்தச் சிறுநீரகம் மிஞ்சுவது எங்களுக்குப் பெரிய விஷயம். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போனோம்.

றோபோ தானாக வெட்டுவதில்லை. வைத்தியர் அதே அறையில் இருந்து திரையில் முப்பரிமாணமாகப் பார்த்தபடி றோபோவின் கைகளை இயக்குகிறார். இரத்தக்குழாயைக் கவ்வி, கட்டியை வெட்டி, தைத்து முடிக்கும்வரை சிறுநீரகத்துக்கு இரத்தம் போகாது. அந்த நேரம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அப்பாவுக்கு 19 நிமிடம். அடுத்த நாளே நடந்தார்.

எதிர்பாராதது தோள்வலி. பயந்துவிட்டோம். வயிற்றை உப்பவைக்க ஏற்றிய வாயுவால் வருவதாம், இரண்டு நாளில் போய்விட்டது.

கட்டி புற்றுநோய்தான், ஆனால் வெட்டிய ஓரத்தில் எச்சமில்லை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவான கிரியற்றினின் 1.2. இனி யாழ்ப்பாணத்திலேயே இரத்தப் பரிசோதனை, ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கான்.