மோட்டார் பழுதுக்குப் பிறகு ஃபில்டரை ஓட்டினால் அமோனியா ஏறுகிறது

கேள்வி:
தோட்டத்துக் குளம், 3000 லிட்டர், கோய் மீன்கள். மோட்டார் பழுதாகி ஃபில்டர் பல நாள் நின்றுவிட்டது. புது மோட்டார் போட்டதும் அமோனியா லிட்டருக்கு 1 மில்லிகிராம் காட்டுகிறது. பிஎச் காலையில் 7.5, சாயங்காலம் 8.5. ஃபில்டர் பஞ்சுகளைக் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாமா?

பதில் 1:
முதலில் தீனியை நிறுத்துங்கள். சில நாள் பட்டினி கோயை ஒன்றும் செய்யாது. காற்று பம்ப் இருந்தால் இரவும் பகலும் ஓடட்டும்.

பதில் 2:
குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம்! ஃபில்டரில் மிச்சமிருக்கும், அமோனியாவை உண்ணும் பாக்டீரியாவையும் குளோரின் கொன்றுவிடும். ஓட்டம் நின்றால் ஃபில்டருக்குள் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகிறது, சேறு அழுகுகிறது. மோட்டாரை நிறுத்தி அந்தக் கறுத்த தண்ணீரை வெளியே வடித்துவிடுங்கள். பஞ்சுகளைக் குளத்துத் தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும்.

எனக்குக் கவலை உங்கள் சாயங்கால பிஎச்தான். 25 டிகிரியில், பிஎச் 7.5 என்றால் மொத்த அமோனியாவில் சுமார் 2 சதவீதம்தான் நச்சு வடிவம். 8.5-ல் அது 15 சதவீதம். காலையில் மட்டும் சோதித்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். பாசி பகலெல்லாம் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சுவதால் பிஎச் ஏறுகிறது, அதனால் மாலையிலும் பாருங்கள். பிஎச்சை இறக்க அமிலம் ஊற்றாதீர்கள். பாக்டீரியாவுக்கு வேண்டிய கார்பனேட்டும் அதில் கரைந்து போகும். தினமும் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை, குளோரின் நீக்கி, மாற்றுங்கள். நன்றாக ஓடும் வேறு குளத்தின் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பஞ்சு கிடைத்தால் அதைவிட நல்ல மருந்து இல்லை. ஆனால் அங்கே மீன்களுக்கு நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. சொன்னபடி செய்தேன். அமோனியா இறங்குகிறது, இப்போது நைட்ரைட் தலைகாட்டுகிறது. ஏதாவது கெட்டுப்போனதா?

பதில் 2:
இல்லை, சரியான வழியில்தான் போகிறது. அமோனியாவை உண்டு நைட்ரைட்டாக மாற்றும் பாக்டீரியா முதலில் பெருகும், மீனுக்கு நச்சான அந்த நைட்ரைட்டை உண்பவை அப்புறம்தான். இதமான வெயில் காலத்தில் முழுதும் நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், குளிரில் இன்னும் இழுக்கும். அதுவரை லிட்டருக்கு 1 கிராம் உப்பு, அதாவது உங்களுக்கு 3 கிலோ. வாளியில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குளோரைடு இருந்தால் செவுள் வழியே நைட்ரைட் உள்ளே போவது குறையும். உப்பு ஆவியாகாது, ஆகவே மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டும் மறுபடி சேருங்கள். தீனியை நைட்ரைட் பூஜ்யத்துக்கு வந்த பிறகே பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.