கோரைச் சிலுவையும் எங்கள் ஊர்க் காப்புக்கட்டும்

நாங்கள் இருப்பது அயர்லாந்தில், கில்டேர் பக்கம். மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. மூன்று வருடமாக ஜனவரி 31 ராத்திரி வீட்டில் இம்போல்க் கொண்டாடுகிறோம், வசந்தத்தை வரவேற்கிற இந்த ஊர்ப் பழைய திருநாள் அது. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

பிப்ரவரி 1 வந்தால் வசந்தம் பிறந்துவிட்டது என்பது இந்த ஊர்ப் பழைய கணக்கு. வெளியே பார்த்தால் மழையும் சேறும்தான். ஆனால் டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் கவிந்த இருட்டு இப்போது ஐந்து மணி வரை பொறுத்திருக்கும், செம்மறி ஆடுகளுக்கு மடியில் பால் இறங்கும், வேலியோரம் ஸ்னோட்ராப் பூ எட்டிப் பார்க்கும். கிறித்தவம் வருவதற்கு முன்னால் பாட்டு, வைத்தியம், கொல்லுப்பட்டறை மூன்றுக்கும் பிரிஜிட் என்ற தெய்வம்தான் இவர்களுக்கு. பின்னால் கில்டேரில் மடம் அமைத்த புனிதைக்கும் அதே பெயர். இன்றைக்குச் செய்கிற சடங்குகளில் எது தெய்வத்துக்கு, எது புனிதைக்கு என்று பிரிப்பது கஷ்டம், நான் பிரிக்கவும் முயலவில்லை. 2023லிருந்து இதற்கு அரசு விடுமுறையும் உண்டு.

முதல் வருடம் ஈரமான வயலோரத்தில் வளர்கிற ரஷ் தண்டுகளைக் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டு வந்தேன். நம்ம கோரை மாதிரிதான் இருக்கும், உருண்டை, பச்சை. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டு, வெட்டக் கூடாது, பிடுங்கத்தான் வேண்டும் என்றார். அதிலிருந்து பிள்ளைகளே பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து பிடுங்குகிறார்கள். மகள் ஒரு தண்டை நகத்தால் உரித்து உள்ளே இருந்த வெள்ளை நெட்டியை வெளியே எடுத்தாள். அந்தக் காலத்தில் அதைக் கொழுப்பில் தோய்த்துத்தான் விளக்கு எரித்தார்கள் என்று சொன்னதும், எங்கள் விளக்குத் திரியையும் எடுத்து வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

ராத்திரி அவள் கோரைக் கட்டோடு வாசலில் நின்று கதவைத் தட்டி, பிரிஜிட்டை உள்ளே விடுங்கள் என்பாள், நாங்கள் உள்ளேயிருந்து வா வா என்போம். அப்புறம் சிலுவை பின்னுவது. ஒரு தண்டை நிமிர்த்திப் பிடித்து, இன்னொன்றை இரண்டாக மடித்து அதன் நடுவில் மாட்டி, இழுத்து, கால் சுற்று திருப்பி, அடுத்ததை மாட்ட வேண்டும். நடுவில் பிடித்த விரலை விட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும். மகன் பதினாறு தண்டு வரைக்கும் விரலை எடுக்கவில்லை, நகம் வெளுத்துப்போயிருந்தது. நாலு முனையிலும் நூல் கட்டாதீர்கள், தண்டு காய்ந்து சுருங்கியதும் உருவிக்கொண்டு விழும். ரப்பர் பேண்டுதான் சரி.

நிலைக்கு மேலே மாட்டினோம். தீ அண்டாது என்பது நம்பிக்கை, முன்பெல்லாம் மாட்டுக் கொட்டகையிலும் மாட்டுவார்களாம். வீடியோவில் அம்மா பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, சிலுவையா?" என்று முதலில் கொஞ்சம் தயங்கினார். நான் முழுக்கச் சொன்னதும், "அட, இது நம்ம காப்புக்கட்டுதான?" என்றார். எங்கள் கொங்குப் பக்கத்தில் போகி அன்றைக்கு வேப்பந்தழை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வீட்டுக் கூரையிலும் தொழுவத்திலும் செருகுவோம் இல்லையா, அதைத்தான் சொன்னார். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பத்து வருடமாக இந்த ஊரில் பொங்கலை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டுக் கிடந்தவள் நான்.

கதை நேரத்தில் போர்வையை எடுத்துக்கொள்வோம். பிரிஜிட் மடம் கட்ட நிலம் கேட்கிறார், லென்ஸ்டர் அரசன் மறுக்கிறான், என் மேலாடை மூடுகிற அளவு கொடு போதும் என்கிறார், நாலு பெண்கள் நாலு முனையைப் பிடித்து ஓட அது விரிந்து விரிந்து குரா சமவெளியையே மூடுகிறது. "வாமனன் மூணு அடி கேட்ட மாதிரியா அம்மா?" என்று மகன் கேட்டான். அந்தச் சமவெளி எங்கள் வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம், அடுத்த நாளே போய் ஆடுகளுக்கு நடுவில் நின்றுவிட்டு வந்தோம்.

கடைசியாக ஒரு துண்டுத் துணியை ஜன்னலுக்கு வெளியே வைத்துவிட்டுப் படுப்போம். ராத்திரி பிரிஜிட் அந்த வழியாகப் போகும்போது தொட்டுவிட்டுப் போவார், பிறகு வருடம் முழுக்கத் தலைவலி, தொண்டைவலிக்கு அந்தத் துணியை எடுத்துக் கட்டுவார்கள். போன மார்ச்சில் மகளுக்கு நல்ல காய்ச்சல். நான் சமையலறையில் மருந்து ஊற்றிக்கொண்டு திரும்பினால், மகன் நாற்காலி போட்டு ஏறி அலமாரியிலிருந்து அந்தத் துணியை எடுத்து, நனைத்துப் பிழிந்து, அவள் நெற்றியில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இந்த வருடம் துணி பெரிதாக வேண்டும், ஊரிலிருக்கிற பாட்டிக்கும் பாதி வெட்டி அனுப்ப வேண்டும் என்கிறாள் மகள்.