பழைய பெயின்ட் தூசியும் கர்ப்பிணியும்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என் தங்கை ஐந்து மாதக் கர்ப்பிணி. அவள் இருக்கும் வாடகை வீட்டில் ஜன்னல், கதவுகளின் பழைய பெயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறார்கள். ஜன்னல் விளிம்பைத் தொட்டால் விரலெல்லாம் மாவு மாதிரி ஒட்டுகிறது. வீட்டுக்காரரோ, "தூசிதானேம்மா, துடைத்தால் போச்சு" என்கிறார்.

பழைய பெயின்ட் என்றால் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. உடம்பில் சேர்ந்த ஈயம் எலும்பில் பல வருடங்கள் தங்கும். கர்ப்ப காலத்தில் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது அதுவும் ரத்தத்தில் கலந்து, நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போய்விடும். பாதிப்பே இல்லாத அளவு என்று எதுவும் தெரியவரவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் அம்மாவுக்கோ, ஈயத்தால் புற்றுநோய் வருமோ என்று பயம். கனிம ஈயச் சேர்மங்கள் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' பட்டியலில் இருப்பது உண்மைதான், ஆனால் எனக்குக் குழந்தையின் மூளை வளர்ச்சிதான் பெரிய கவலை.

ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க விரல் நுனியில் குத்தி எடுத்தால் போதுமா, நரம்பில்தான் எடுக்க வேண்டுமா? கடையில் விற்கும் பெயின்ட் சோதனைக் கிட்டை நம்பலாமா, ஆய்வகத்துக்கே அனுப்பணுமா? துடைப்பத்தால் பெருக்கினால் தூசி கிளம்பும் என்று ஈரத்துணியால் துடைக்கச் சொல்லியிருக்கிறேன். சாதாரண வேக்குவம் கிளீனர் போட்டால் நுண்தூசி மறுபடி காற்றில் பரவுமாமே, சரியா?

அப்புறம், அவளுடைய மூன்று வயதுப் பையன் எதை எடுத்தாலும் வாயில் வைப்பான். அவனுக்கும் சோதிக்கணுமா? வேலை முடியும்வரை இருவரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்துவர நினைக்கிறேன். மகப்பேறு மருத்துவர்கள், பெயின்ட் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். வீட்டுக்காரரிடம் பேசிச் சமாளித்த அனுபவம் இருந்தாலும் எழுதுங்கள்.