பொக்கற் வீற்றோ: 'சட்டைப்பை' வேண்டாம், 'தவணைகழி மறுப்பு' என்போம்

வணக்கம்.

அமெரிக்க ஜனாதிபதி ஒப்பமிடாமல் இருந்தே ஒரு சட்டமூலத்தை விழுத்துவதை ஆங்கிலத்தில் 'பொக்கற் வீற்றோ' (pocket veto) என்பார்கள். நமது கலைச்சொல் பட்டியலில் அதற்குத் தமிழாகச் சென்னை நண்பர் முன்வைத்த 'சட்டைப்பை மறுப்பாணை'க்கு இரண்டு நாளாக ஆதரவு பெருகுகிறது. பட்டியலில் ஏற்றுவதற்கு முன் திருகோணமலையிலிருந்து ஒரு மறுப்பு. நான் இங்கே உயர்தர வகுப்புக்கு அரசறிவியல் படிப்பிக்கிறேன். அந்தச் சொல்லைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எழுதியதும் முன்வாங்குப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சேர், ஜனாதிபதி காசு வாங்கிப் பொக்கற்றுக்குள்ள போட்டவரா?" ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தார்கள். தமிழில் ஒன்று சட்டைப்பைக்குள் போனால் அது காசுதான்.

அமெரிக்காவில் நடப்பது இதுதான். கொங்கிரசின் இரு அவைகளும் நிறைவேற்றிய சட்டமூலம் ஜனாதிபதியின் கைக்கு வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நீங்கலாக 10 நாள் தவணை. ஒப்பமிட்டால் சட்டம். மறுத்தால், காரணம் எழுதி, சட்டமூலம் தொடங்கிய அவைக்கே திருப்பி அனுப்பவேண்டும். இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் மறுபடி ஆதரித்தால் அவருடைய மறுப்பு செல்லாது. ஒன்றுமே செய்யாமல் இருந்தால்? கொங்கிரஸ் கூடியிருக்கிற காலமென்றால் ஒப்பமில்லாமலே சட்டமாகிவிடும். தவணை முடியுமுன் கொங்கிரஸ் அமர்வை முடித்துக்கொண்டு போய், திருப்பி அனுப்ப வழியில்லாமற் போனால் மட்டுமே சட்டமூலம் செத்துப்போகும். இதுதான் பொக்கற் வீற்றோ. அதன்மேல் மறுவாக்கெடுப்பு இல்லை. வேண்டுமென்றால் புதிய சட்டமூலமாக முதலிலிருந்து தொடங்கவேண்டும். பிராங்ளின் ரூஸ்வெல்ற் மறுத்த 635 சட்டமூலங்களில் 263 இப்படிப் போனவை. சின்ன விஷயமல்ல.

ஆக இதில் இருப்பவை தவணையும் மௌனமும். பைக்கு இங்கே வேலையே இல்லை.

கரும்பலகையை அழித்துவிட்டு, அடகுத் துண்டு பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். பாதிக் கை உயர்ந்தது. அம்மாவின் காப்பு அடகில் இருக்கிற பெடியன் ஒருவன் சொன்னான்: "தவணை முடிஞ்சா நகை ஏலத்துக்குப் போயிடும் சேர். நாங்கள் ஒண்டும் செய்யாம இருந்தாலே போதும்." அவன் சொன்னதற்குமேல் நான் விளக்க ஒன்றும் இருக்கவில்லை. 'தவணைகழி மறுப்பு' என்று எழுதினேன். தவணை கழிவதாலேயே விழுகிற மறுப்பு. முதலில் 'தவணை மறுப்பு' என்றுதான் நினைத்தேன். ஆனால் நீதிமன்றம் போய்வருகிறவர்களுக்கு அது 'தவணை தர மறுத்தல்' என்று கேட்கும். அக்கா ஒருவர் இங்கே கேட்டிருந்தார்:

> 'கிடப்பில் போடுதல்' என்று நல்ல வழக்கு இருக்கிறதே, 'கிடப்பு மறுப்பு' போதாதா?

அக்கா, அது அருமையான சொல். அதை இந்தியாவுக்கு வைத்துக்கொள்வோம். இந்திய அரசியலமைப்பின் 111ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்குத் தவணை எதுவும் குறிக்கவில்லை. 1986 இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சலகத் திருத்தச் சட்டமூலத்தை ஜெயில் சிங் ஒப்பமிடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. அது கிடந்தது. அங்கே நாள் கழிந்து எதுவும் முடியாது, கிடப்பதுதான் மறுப்பு. அமெரிக்காவிலோ நாள் கழிந்ததும் கதை முடிந்துவிடுகிறது. ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்கிறது என்பதற்காக நாமும் குழப்பவேண்டியதில்லை.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. 1956 ஆவணியில் தமிழரசுக் கட்சி மாநாடு கூடி சமஷ்டி (கூட்டாட்சி) கேட்டது இந்த ஊரில். கிழக்கு மாகாண சபையும் இங்கேதான். இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி, சபை நிறைவேற்றும் நியதிச்சட்டம் ஆளுநரிடம் போகும். அவர் இசைவளிக்கலாம், அல்லது மீள்பரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை மறுபடி நிறைவேற்றினால் அவர் இசைவளிக்கலாம், அல்லது ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்தின் (Supreme Court) தீர்மானத்துக்கு ஒதுக்கி வைக்கலாம். ஆனால் 2017 இல் சபையின் காலம் முடிந்தது. சட்டவாக்கத்துறையும் நிறைவேற்றுத்துறையும் ஒன்றையொன்று எப்படிப் பிடித்து நிறுத்துகின்றன என்பதை என் பிள்ளைகள் சொந்த ஊரில் கண்ணால் கண்டதில்லை. அவர்களிடம் இருப்பது சொல் மட்டுமே. அந்தச் சொல் கோணலாக இருந்தால் விளக்கமும் கோணலாகத்தான் போகும்.

இன்னொன்று. மறுப்பை மூன்றில் இரண்டு பங்கினர் வெல்வதை (override) பட்டியலில் 'மீறல்' என்று போட்டிருக்கிறீர்கள். மீறல் என்றால் எங்கள் காதில் உரிமை மீறல்தான் விழும். கொங்கிரஸ் எதையும் மீறவில்லை, அரசியல் யாப்பு கொடுத்த வழியில்தான் போகிறது. 'மேலோங்கல்' என்கலாமா? இலங்கைச் சட்டங்களின் தமிழ்ப் பிரதியை எடுத்துப் பாருங்கள். சிங்கள, தமிழ் உரைகளுக்கு இடையே ஒவ்வாமை வந்தால் சிங்கள உரையே மேலோங்கி நிற்கும் என்று கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்த வரியைப் படித்துப் படித்து அந்தச் சொல்லின் பலம் எங்களுக்கு நன்றாகத் தெரியும்.

இலக்கணம் தெரிந்தவர்களிடம் ஒரு கேள்வி. 'தவணைகழி' என்பதில் ஒற்று மிகாது என்றே நினைக்கிறேன். மிகுந்தால் 'கழி' தடியாகிவிடும். சரிதானா? வியாழக்கிழமை வகுப்பில் இதே பாடம் தொடர்கிறது. அதற்கு முன் எழுதினால் உதவியாக இருக்கும்.