கண்ணாடி வழியுமாம்!

மரப்புழு: பழைய மர ஜன்னலை மாற்றலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, யுபிவிசி என்னும் பிளாஸ்டிக் ஜன்னலின் ரசிகரான யுபிவிசி பிரியன் அருளிய பதில்: "கண்ணாடி அடிப்பக்கம் தடித்திருந்தால் வழிந்துவிட்டது என்று அர்த்தம். ஆயுள் முடிந்தது, எல்லாவற்றையும் பிடுங்குங்கள்." ஐயா, கண்ணாடி வழியாது. அந்தக் காலத்தில் ஊதி, சுழற்றித் தட்டாக்கி வெட்டினார்கள். ஒரே கனமாக வராது. அவ்வளவுதான்.

யுபிவிசி பிரியன்: கண்ணாடி திடப்பொருளே இல்லை, மெதுவாக ஓடும் திரவம். எங்கள் வேதியியல் வாத்தியார் சொன்னது.

மரப்புழு: வாத்தியார் சொன்னால் வழிந்துவிடுமா? மேல்பக்கம் தடித்த பழைய கண்ணாடிகளும் உண்டு. அவை மேல்நோக்கி வழிந்தனவோ?

சாளரம்: கேட்டவருக்கு உதவலாமே. ஸ்க்ரூ டிரைவரால் சட்டத்தின் அடிக்கட்டையைக் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கினால் உளுத்துவிட்டது. இல்லையென்றால் இடுக்குகளை ரப்பர் பட்டையால் அடைத்தாலே காற்று நிற்கும். வெப்பம்தான் கவலை என்றால் ஒற்றைக் கண்ணாடியின் யு மதிப்பு (வெப்பம் கடந்துபோகும் அளவு, குறைந்தால் நல்லது) சுமார் 5.8, சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 பக்கம் வரும்.

யுபிவிசி பிரியன்: பார்த்தீர்களா, மாற்றச் சொல்லி சாளரமே ஒத்துக்கொண்டார்!

சாளரம்: நான் எங்கே சொன்னேன்?

மரப்புழு: இரட்டைக் கண்ணாடியில் சீல் போனால் நடுவில் ஆவி படியும், துடைக்கவும் முடியாது. மரத்தில் உளுத்த துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப் போடலாம். போன மாதம் தேக்குக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கச் சொன்ன ஆள்தானே நீங்கள்?

யுபிவிசி பிரியன்: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? நான் சொன்னது வார்னிஷ். உங்கள் ஜன்னல் மழைக்காலத்தில் திறக்கவே வராது என்று புலம்பியது யார்?

மரப்புழு: மரம் ஈரத்தில் உப்பும். காய்ந்ததும் ஓரத்தை இழைத்தால் சரி. பிளாஸ்டிக்கை இழைப்பீர்களா?

சும்மா வந்தவன்: பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். காய்ந்தபடியே சுரண்டாதீர்கள், தூசி குழந்தைகளுக்கு ஆபத்து.

மரப்புழு: ஈயக் கதை அப்புறம். கண்ணாடி வழியுமா, வழியாதா? அதற்குப் பதில் வரட்டும்.

சும்மா வந்தவன்: உங்களுக்குக் குழந்தையை விடக் கண்ணாடி முக்கியம். நல்லது.

கேள்வி கேட்டவர்: மன்னிக்கவும், இப்போதுதான் அளந்தேன். என் கண்ணாடி மேலும் கீழும் ஒரே கனம்தான்.

மரப்புழு: அப்படியானால் அநேகமாக மிதவைக் கண்ணாடி. 1959-ல் பில்கிங்டன் என்ற பிரிட்டிஷ் கண்ணாடி நிறுவனம் அறிவித்த முறை. உருகிய தகரத்தின் மேல் மிதக்கவிட்டு எடுப்பது. நான் சொன்னேனே!

யுபிவிசி பிரியன்: வழிந்து சமமாகியிருக்கும்.

மரப்புழு: வழியாது ஐயா, வழியாது!