நெகட்டிவ் பால் மாதிரி இருக்கு, ஸ்கேன்ல கான்ட்ராஸ்டே இல்ல. உதவி தேவை

கோவை_ஷட்டர்: நேத்து ராத்திரி ஒரு ரோல் டெவலப் பண்ணினேன். எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். காய்ஞ்சதும் பார்த்தா பிலிம் முழுக்க வெள்ளையா மூடியிருக்கு. ஸ்கேன் பண்ணினா வெறும் சாம்பல். அவசரம், யாராவது சொல்லுங்க.

வெள்ளியுப்பு: என்ன பிலிம்? டெவலப்பர், டிகிரி, நிமிஷம்? ஃபிக்ஸர் (டெவலப் ஆகாத வெள்ளி உப்பைக் கரைச்சு எடுக்கற மருந்து) எது? ஓரத்துல பிரேம் நம்பர் கறுப்பா விழுந்திருக்கா?

நன்னீர்: போர் தண்ணிதானே? உப்பு படிஞ்சிருக்கும். கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டர் எடுங்க.

இருட்டறை: "எல்லாம் சரியாத்தான் செஞ்சேன்"னு எழுதினா யார் என்ன பதில் சொல்றது? கேக்கறதுக்கும் ஒரு முறை இருக்கு தம்பி. நன்னீர், தண்ணி உப்பு சொட்டு வடிஞ்ச இடத்துலதான் திட்டா நிக்கும். முழு ரோலையும் ஒரே சீரா மூடாது.

கோவை_ஷட்டர்: எச்பி5 கறுப்பு-வெள்ளை பிலிம். டெவலப்பர் டி-76, 1+1 (சம அளவு தண்ணி கலந்து), 20 டிகிரி, 11 நிமிஷம். நம்பர் கறுப்பா இருக்கு. ஃபிக்ஸர், கெமிக்கல் கடை ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்), 4 நிமிஷம். ஐஸ் போட்டு ஆறவச்ச தண்ணியில அப்பவே கரைச்சது.

வெள்ளியுப்பு: அப்போ டெவலப்பிங்ல குறை இல்ல. 4 நிமிஷம்ங்கறது ரேப்பிட் ஃபிக்ஸருக்கான கணக்கு. வெறும் ஹைப்போ மெதுவாத்தான் வேலை செய்யும். போதாததுக்கு, ஹைப்போ கரையும்போது தண்ணியோட சூட்டை உறிஞ்சிடும். பாட்டிலைத் தொட்டாலே சில்லுனு இருக்கும். 20 டிகிரி தண்ணி 12 பக்கம் இறங்கியிருக்கும். கரையாத வெள்ளி உப்புதான் வெள்ளையா நிக்குது.

லிட்டருக்கு 250 கிராம் ஹைப்போ வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சு, 20க்கு வந்ததும் எடுங்க. முதல்ல டெவலப் பண்ணாத பிலிம் துண்டுல ஒரு சொட்டு ஃபிக்ஸர் விட்டு 30 விநாடி கழிச்சு முழுசா முக்குங்க. சொட்டு விழுந்த வட்டம் சுத்தியுள்ள இடத்தோட கலந்து மறையற நேரம்தான் தெளியற நேரம். அதுபோல ரெண்டு மடங்கு, எப்படியும் 10 நிமிஷத்துக்குக் குறையாம ஃபிக்ஸ் பண்ணுங்க. வெளிச்சத்துலயே செய்யலாம், ஆனா இன்னைக்கே செய்ங்க. வெயில்ல கிடந்தா மிச்ச உப்பு கறுத்துடும்.

நன்னீர்: ஹைப்போவுல கொஞ்சம் வினிகர் ஊத்தினா இன்னும் நல்லது.

இருட்டறை: ஊத்தவே கூடாது! சல்ஃபைட் இல்லாத ஹைப்போவுல அமிலம் பட்டா கந்தகம் பிரிஞ்சு பிலிம்ல படியும். வினிகர் ஸ்டாப் பாத்துக்கு (டெவலப்பர் வேலையை நிறுத்தற குளியலுக்கு) மட்டும்.

நன்னீர்: ஸ்டாப்புக்கு வெறும் தண்ணியே போதுமே. எதுக்கு அமிலம்?

இருட்டறை: ஒரு தடவை அலசிட்டு விட்டா டெவலப்பர் ஹைப்போவுக்குள்ள போகும், டைக்ரோயிக் ஃபாக் (ரெண்டு நிறமா தெரியற வெள்ளிப் படலம்) வரும். சாய்ச்சுப் பார்த்தா பச்சை, வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சா இளஞ்சிவப்பு.

வெள்ளியுப்பு: மூணு நாலு தடவை தண்ணி மாத்தி அலசினா அந்தப் பயம் இல்ல. வினிகர் ஸ்டாப் வச்சாலும் ஹைப்போவுக்கு முன்னாடி ஒரு அலசல் வேணும். இதுக்குத் தனி இழை போடுங்க, அவர் கேட்டது வேற.

கோவை_ஷட்டர்: தெளிஞ்சிருச்சு. ஸ்கேன்ல இப்ப கறுப்பு கறுப்பா வருது. லேசா இளஞ்சிவப்பு மட்டும் பாக்கி, பச்சை எதுவும் தெரியல. நன்றி.

வெள்ளியுப்பு: பிலிமோட சாயம்தான். இன்னும் 10 நிமிஷம் ஓடற தண்ணியில விடுங்க. அந்த ஹைப்போவைத் திரும்ப எடுக்கறதுக்கு முன்னாடி துண்டு சோதனை பண்ணிக்கோங்க.