அக்கா பையன் பைலட் ஆகணும் என்கிறான்: காட்பாடி மனையை பேங்கில் வைக்கலாமா?

குடியாத்தம் மாமன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். அக்கா பையன் இந்த வருஷம் பிளஸ் டூ. பிசிக்ஸ், கணக்கு இரண்டிலும் நல்ல மார்க் வரும். பைலட்தான் ஆவேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான். மாமா ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி சூப்பர்வைசர். காட்பாடி பக்கம் அக்கா பேரில் ஒரு மனை இருக்கிறது. அதை வைத்து 45 லட்சம் கல்விக் கடன் வாங்கலாம் என்று வீட்டில் பேச்சு.

சென்னையில் ஒரு பயிற்சி நிறுவனத்தின் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். 200 மணி நேரம் பறந்தால் லைசென்ஸ், லைசென்ஸ் வந்தால் வேலை, எடுத்த எடுப்பிலேயே மாதம் இரண்டு லட்சம் என்று ஸ்லைடு போட்டார்கள். ஆனால் அக்காவோடு வேலை பார்க்கும் டீச்சரின் மகன் லைசென்ஸ் வாங்கிவிட்டு கிரீன் சர்க்கிள் பக்கம் கார் ஷோரூமில் நிற்கிறான்.

சின்ன விமானக் கம்பெனியில் சம்பளம் கம்மி, ஆனால் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்கள் என்கிறார்களே, நிஜமா? அனுபவம் இல்லாத பையன்களை உட்கார வைத்து ஓட்டினால் ஏறுகிறவர்கள் கதி என்ன? இந்த இரண்டாவது கேள்வி அக்காவுடையது.

வாலாஜா வலதுசீட்டு:

அண்ணே, நான் வாலாஜாபேட்டைக்காரன். ஏடிஆர் 72 என்ற சின்ன புரொப்பல்லர் விமானத்தில் கோ-பைலட். கம்பெனி பெயர் வேண்டாம்.

அந்த ஸ்லைடில் பொய் இல்லை, நடுவில் ஒரு பக்கத்தைக் காணோம், அவ்வளவுதான். 200 மணி நேரத்துக்கு டிஜிசிஏ, அதாவது விமானத் துறையின் அரசுக் கட்டுப்பாட்டு அமைப்பு, கொடுப்பது சிபிஎல், அதாவது பறப்பதற்குச் சம்பளம் வாங்கலாம் என்ற அனுமதி. அதில் 100 மணி நேரம் நாமே கமாண்டாக ஓட்டியிருக்க வேண்டும். பெரும்பாலும் ஒற்றை எஞ்சின் செஸ்னாவில் ஓட்டியதாக இருக்கும். அதை வைத்து ஏடிஆரிலோ ஏர்பஸ்ஸிலோ உட்கார முடியாது. அந்தந்த விமானத்துக்குத் தனியாகப் பயிற்சி எடுத்து, டைப் ரேட்டிங் என்ற அனுமதி வாங்க வேண்டும். கம்பெனியே அனுப்பினால் பாண்டு எழுதி வாங்கும், நாமே செய்தால் இன்னும் பல லட்சம். 45 லட்சத்தில் இது சேர்ந்திருக்கிறதா என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். முகம் மாறும், பாருங்கள்.

அப்புறம் காத்திருப்பு. லைசென்ஸ் கையில் வந்த நாளிலிருந்து வேலை கிடைக்கும் நாள் வரை ஒரு பைசா வரவு இல்லை, செலவு மட்டும் உண்டு. மெடிக்கல் சான்றைப் புதுப்பிக்க வேண்டும், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் அனுமதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்கு மறுபடி பறக்க வேண்டும். எங்கள் பேட்சில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் விழுந்தார்கள். நன்றாக ஓட்டியவர்களும் அதில் உண்டு. அந்த டீச்சர் மகனும் இங்கேதான் மாட்டியிருப்பார்.

சின்னக் கம்பெனி சீக்கிரம் எடுக்கும் என்பது சில சமயம் நிஜம். புது ரூட் திறக்கும்போது எடுப்பார்கள். நஷ்டம் வந்தால் முதலில் மூடுவதும் அவர்கள்தான். கோயம்புத்தூரில் 2016இல் தொடங்கிய ஏர் கார்னிவல் அடுத்த ஆண்டே நின்றுபோனது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் ஒரு மணி நேரப் பயணத்துக்கு 2,500 ரூபாய் டிக்கெட் என்று ஆரம்பித்தபோது அரசு பாதி சீட்டுகளுக்கு மானியம் கொடுத்தது. மானியக் காலம் முடிந்ததும் பல ரூட்டுகள் காணாமல் போயின. ரூட் போனால் என் பறக்கும் மணி குறையும், மணி குறைந்தால் சம்பளம் குறையும். எங்களுக்கு ஒரு பகுதி நிலையான தொகை, மீதி பறந்த மணிக் கணக்கில்.

சம்பளம் சொல்கிறேன். ரேட்டிங் முடிந்து, பயணிகளோடு பறந்தே பழகும் லைன் ட்ரெய்னிங் நடந்த மாதங்களில் எனக்கு வந்தது உதவித்தொகை மாதிரி ஒன்று. ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலையில் என் சித்தப்பா அதைவிட அதிகம் வாங்கினார், அதைத் தீபாவளிக்கு எல்லோர் முன்னாலும் சொல்லியும் காட்டினார். அந்தப் பயிற்சி முடிந்து ரிலீஸ் ஆன பிறகு லட்சத்தைத் தாண்டியது. சரி, நல்ல சம்பளம்தானே என்பீர்கள். தவணை, வீட்டு வாடகை, வருஷாந்திர மெடிக்கல் எல்லாம் போக மிச்சத்தை ஊருக்கு அனுப்ப வெட்கமாக இருக்கும்.

வேலை எப்படி என்றால், விடியற்காலை மூன்றரைக்குக் கேப் வரும். இருட்டில் டார்ச் அடித்து டயர், புரொப்பல்லர் இலை, ஆயில் கசிவு எல்லாம் பார்த்துவிட்டு ஏற வேண்டும். ஒரு நாளில் நாலு, அஞ்சு செக்டர், அதாவது ஏறி இறங்கும் பயணம், ஒவ்வொன்றும் சுமார் ஒரு மணி நேரம். இறங்கினால் அரை மணியில் மறுபடி கிளம்ப வேண்டும். அதற்குள் எரிபொருள் கணக்கு, லோட் ஷீட், வானிலை பார்த்து, டப்பாவில் இருக்கும் தயிர்சாதத்தை மடியில் வைத்து நாலு வாய். பெரிய ஜெட்டில் இருக்கும் என் நண்பன் ஒரே தடவை ஏறி ஒரே தடவை இறங்குகிற நேரத்தில் நான் மூன்று தடவை இறக்கியிருப்பேன், அதுவும் குட்டை ரன்வேயில், மழையில், குறுக்குக் காற்றில். கை பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. குறைந்த சம்பளத்துக்கு நான் வாங்கிக்கொள்வது இந்த மணி நேரங்களை. 1500 மணி சேர்ந்தால் ஏடிபிஎல், அதாவது கேப்டன் ஆவதற்கு வேண்டிய லைசென்ஸ், அப்புறம்தான் கேப்டன் பேச்சு.

அதுவரை கம்பெனி மாறுவதும் லேசில்லை. கோ-பைலட் வேலையை விட ஆறு மாத நோட்டீஸ், கேப்டனுக்கு ஒரு வருஷம். 2017இல் டிஜிசிஏ போட்ட விதி. இதையும் ஸ்லைடில் போட மாட்டார்கள்.

பாகாயம் பயணி:

அக்கா கேள்விக்குப் பதில் வரவில்லையே. அமெரிக்காவில் பொதுவாக 1500 மணி நேரம் இல்லாமல் கோ-பைலட் சீட்டிலேயே உட்கார முடியாதாம். இங்கே 200. எங்கள் உயிர் மலிவா?

வாலாஜா வலதுசீட்டு:

நியாயமான கேள்வி. அந்த விதி வந்த கதையைக் கேளுங்கள். 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் ஒன்று வீட்டின் மேல் விழுந்தது. கியூ400, எங்கள் ஏடிஆர் மாதிரியே புரொப்பல்லர் வண்டி. மொத்தம் 50 பேர் இறந்தார்கள். வேகம் குறைந்து கன்ட்ரோல் நடுங்கி எச்சரித்தபோது மூக்கைக் கீழே தள்ள வேண்டிய கேப்டன் மேலே இழுத்துவிட்டார். இதற்குப் பிறகுதான் 2013இல் 1500 மணி நேர விதி வந்தது. ஆனால் அந்த கேப்டனுக்கும் கோ-பைலட்டுக்கும் ஏற்கனவே 2000 மணிக்கு மேல் இருந்தது! விசாரணையில் வெளியே வந்தது வேறு: கோ-பைலட்டாக இருந்த பெண்ணின் ஆண்டுச் சம்பளம் 25,000 டாலரைத் தொடவில்லை. சியாட்டிலில் பெற்றோர் வீட்டில் இருந்துகொண்டு, முந்தின இரவு முழுக்க நாட்டின் குறுக்கே வேறு விமானங்களில் தொற்றி வந்து டியூட்டியில் ஏறினார். கேப்டன் இரவு தங்கியது விமான நிலையத்தின் ஓய்வறையில்.

அதனால் அக்காவிடம் சொல்லுங்கள்: பக்கத்தில் நல்ல கேப்டன், ஒழுங்கான சிமுலேட்டர் பயிற்சி, போதிய தூக்கம் இருந்தால் 200 மணிப் பையனை நம்பலாம். காற்று ரொம்ப மோசமாக இருந்தால் எங்கள் கேப்டன் எங்களிடம் இறக்கக் கொடுக்க மாட்டார். தூக்கமில்லாத 3000 மணிக்காரரோடு பறக்க எனக்கே பயம். இங்கே வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 ஆனது 2025இல்தான்.

சத்துவாச்சாரி லெட்ஜர்:

நான் வங்கியில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். கணக்கை மட்டும் சொல்கிறேன். 45 லட்சம், 11 சதவீதம், பத்து வருஷம் என்றால் தவணை சுமார் 62,000. பதினைந்து வருஷமாக்கினால் 51,000 சொச்சம். பையன் படிக்கும்போதும் வேலை தேடும்போதும் அசல் கேட்க மாட்டார்கள், வட்டி மட்டும் ஓடும். முழுக்கடனும் எடுத்துவிட்டால் மாதம் 41,000க்கு மேல். அதைக் கட்டாமல் இரண்டு வருஷம் விட்டால் ஏறக்குறைய பத்து லட்சம் கூடிவிடும். மாமா சம்பளத்தில் அந்த வட்டியையாவது கட்ட முடியுமா என்று பாருங்கள். முடியாது என்றால் மனையை பேங்கில் வைக்காதீர்கள். விற்றுவிட்டு, கடனைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் பேங்க் லாக்கரில் இருக்கும்போது அவசரத்துக்கு விற்கவும் முடியாது. வில்லங்கச் சான்று இப்போதே போட்டுப் பாருங்கள்.

குடியாத்தம் மாமன்:

எல்லோருக்கும் நன்றி. மனையை விற்பது என்றதும் அக்கா முகம் சுருங்கிவிட்டது, மாமா மட்டும் தலையாட்டினார். பையன் கண்ணாடி போடுகிறான். அதற்கே தள்ளிவிடுவார்களா?

வாலாஜா வலதுசீட்டு:

கண்ணாடி போட்டுத் தெளிவாகத் தெரிந்தால் தப்பில்லை. நிறம் பிரித்துப் பார்ப்பதில்தான் பலர் போய்விடுகிறார்கள். அதனால் எந்த நிறுவனத்துக்கும் அட்வான்ஸ் கட்டாதீர்கள். முதலில் பயிற்சியில் சேர வேண்டிய கிளாஸ் 2 மெடிக்கல், அது முடிந்ததும் சிபிஎல்லுக்கு வேண்டிய கிளாஸ் 1. பெங்களூருவில் விமானப்படையின் மருத்துவ நிலையம் இருக்கிறது, காட்பாடியில் ரயில் ஏறினால் மூன்று, நாலு மணி நேரம். அங்கே ஃபிட் என்று சொன்ன பிறகு உத்தரப்பிரதேசத்தில் ரேபரேலி பக்கம் இருக்கும் அரசு விமானப் பயிற்சி அகாடமியின் நுழைவுத் தேர்வையும் எழுதச் சொல்லுங்கள். கிடைத்தால் ஸ்லைடு போட்டவர்களிடம் திரும்பப் போக வேண்டியதில்லை.